உறங்கும் பிள்ளையின் நாடி

பிள்ளைக்கு மேல் சற்றுச் சுட்டால் நெற்றியிலே புறங்கையை வைத்துப் பார்ப்பதும், கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதும், பின்னர் வெப்பமானியைத் தேடி வீடெல்லாம் ஓடுவதும் நம் இல்லங்களிலே வழக்கமாக நிகழ்வன. ஆனால் அதே பிள்ளையின் மணிக்கட்டைப் பற்றி, மணிக்கூட்டைப் பார்த்து, நாடியை எண்ணும் பெற்றோரைக் காண்பது அரிது. நாடி பார்த்தல் வைத்தியர்க்கே உரிய வித்தை என்று நாம் அதனை ஒதுக்கி வைத்துவிட்டோம். வெப்பமானிக்குப் பணம் வேண்டும். நாடியை எண்ணுவதற்கோ இரண்டு விரல்களும், செக்கன் முள் ஓடும் ஒரு மணிக்கூடும் போதும்.

மற்றொரு சாரார் எண்ணிவிட்டு அஞ்சுகின்றனர். மனிதனின் நாடி நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் என்று பாடத்திலே படித்த மாணாக்கன் ஒருவன், வீட்டுக்குப் போய்த் தன் இரண்டு வயதுத் தங்கையின் நாடியை எண்ணி 120 என்று கண்டு, தாயாரையும் கலங்க வைத்துவிடுகிறான். அவன் எண்ணியதிலே பிழை இல்லை. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட அளவுதான் பிழை. 72 என்பது வளர்ந்தோர்க்கு உரிய ஒரு சராசரி. அதனைக் கைக்குழந்தைக்கும் பொருத்திப் பார்ப்பது, தந்தையின் சட்டையை மகனுக்கு அணிவித்துவிட்டு மகன் மெலிந்து போனான் என்று வருந்துவதை ஒக்கும்.

சின்னஞ்சிறு நெஞ்சின் விரைவு

யானையின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 முறையே துடிக்கிறது. சுண்டெலியின் இதயமோ 500 முறைக்கு மேல் துடிக்கிறது. உடல் சிறிதாகுந்தோறும் அதன் நிறைக்கு ஒப்பிட்ட தோற்பரப்பு மிகுதியாகும். வெப்பம் விரைவாக வெளியேறும். அதனை ஈடுசெய்ய உடலினுள்ளே எரிபொருள் விரைவாக எரியவேண்டும். பிறந்த குழந்தைக்கும் இதே நிலைதான். அதனோடு வளர்ச்சி என்னும் பெருஞ்செலவும் சேர்ந்துகொள்கிறது. மூன்று கிலோகிராம் நிறையுள்ள சிசுவின் இதயம் ஒரு நிமிடத்திலே ஏறக்குறைய 600 மில்லிலீற்றர் குருதியை வெளியேற்றுகிறது. வளர்ந்தவரின் இதயம் ஏறக்குறைய 5 லீற்றர் வெளியேற்றும். நிறையால் வகுத்துப் பார்த்தால் சிசுவின் உடம்பு, ஒரு கிலோவுக்கு, நம் உடம்பைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட குருதியைக் கேட்கிறது என்பது விளங்கும். வளர்ந்தவரின் இதயம் ஒரு துடிப்பிலே ஏறக்குறைய 70 மில்லிலீற்றரைத் தள்ளும். சிசுவின் இதயம் தள்ளுவதோ ஒரு தேக்கரண்டி அளவினும் சற்றுக் குறைவு. தள்ளும் அளவைக் கூட்ட இயலாத இதயம், தள்ளும் தடவைகளைக் கூட்டுகிறது.

அப்படியாயின் எந்த வயதில் எத்தனை? விழித்து அமைதியாக இருக்கும் நிலைக்கு வைத்தியர்கள் கொள்ளும் எல்லைகள் ஏறக்குறைய இவை: பிறந்து ஒரு மாதம் வரை 70 முதல் 190, ஒரு வயது நிறையும் வரை 80 முதல் 160, ஒன்று, இரண்டு வயதில் 80 முதல் 130, மூன்று, நான்கு வயதில் 80 முதல் 120, ஐந்து, ஆறு வயதில் 75 முதல் 115, ஏழு முதல் ஒன்பது வரை 70 முதல் 110, பத்து வயதுக்கு மேல் நம்மைப் போல் 60 முதல் 100. நூலுக்கு நூல் இவ்வெண்கள் சற்று வேறுபடும். அதற்கும் காரணம் உண்டு. பழைய அட்டவணைகள் பல, நேரடியாக அளந்து பெற்றவை அல்ல. அறிஞர் கூடி வகுத்தவை. 2011ஆம் ஆண்டிலே 'லான்செற்' என்னும் வைத்திய இதழ் 69 ஆய்வுகளைத் திரட்டி, 1,43,346 பிள்ளைகளின் இதயத் துடிப்பை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. பிறந்தவுடன் நடுத்தர அளவு 127. ஒரு மாத அளவில் அது 145 ஆக ஏறுகிறது. இரண்டு வயதாகும்போது 113 ஆக இறங்குகிறது. நாம் மேலே கூறிய மாணாக்கனின் தங்கை இந்த நடுத்தர அளவுக்கு மிக அண்மையிலேயே இருக்கிறாள்.

இந்த எல்லைகள் எவ்வளவு அகன்றவை என்பதையும் நோக்குக. ஏழு வயதுப் பிள்ளை இருவரில் ஒருவனுக்கு 75, மற்றவனுக்கு 105 என்றால் இருவரும் நலமே. ஆனால் வழக்கமாக 75 உள்ள பிள்ளைக்கு ஒருநாள் அமைதியான நிலையிலும் 108 வருமாயின், அட்டவணை குற்றமில்லை என்றுதான் சொல்லும். தாய் அப்படிச் சொல்லக்கூடாது. எனவே அட்டவணையைக் காட்டிலும், பிள்ளை நலமாயிருக்கும் நாளிலே எண்ணி எழுதி வைத்த அதன் சொந்த எண்ணே பெறுமதி மிக்கது.

மூன்று விரலும் ஒரு மணிக்கூடும்

நம்மவர்க்கு நாடி புதிதன்று. சித்த வைத்தியர் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் மணிக்கட்டிலே பதித்து, வாதம், பித்தம், ஐயம் என மூவகையாக அதன் நடையை உணர்வர். மயில் நடை, ஆமை நடை, தவளைப் பாய்ச்சல் என்றெல்லாம் உவமை கூறுவர். அவர்கள் கவனித்தது நாடியின் இயல்பை. நாம் இங்கே கூறுவது அதன் எண்ணிக்கையை. (நம் நாட்டு விஞ்ஞான பாடநூல்களிலே இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்க்கே நாடி என்று பெயர், தமிழகத்தார் அதனைத் தமனி என்பர். மாணாக்கர் மயங்கவேண்டா.)

எண்ணிப் பார்க்கும் முயற்சியும் பழையதே. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தில் அலெக்சாந்திரியாவிலே வாழ்ந்த ஹெரோபிலஸ் என்னும் கிரேக்க வைத்தியர் நீர்க்கடிகாரம் ஒன்றைக் கொண்டு நாடியை அளந்தார் என்றும், வெவ்வேறு வயதினர்க்கு ஏற்ப அதனை வெவ்வேறாகத் திருத்திக்கொண்டார் என்றும் பண்டை நூலார் கூறுவர். குழந்தைக்கு வேறு அளவு வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருக்கின்றனர்! பின்னர் 1707ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியர் ஜோன் ஃபுளோயர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். இன்று அத்தகைய கருவி நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் தொலைபேசி வடிவிலே கிடக்கிறது.

எண்ணும் முறை

பெருவிரலால் நாடி பார்க்கலாகாது. பெருவிரலுக்கே வலிய துடிப்பு உண்டாதலால், பிள்ளையின் நாடி என்று நம் நாடியையே எண்ணிவிடுவோம். சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து, பிள்ளையின் உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, பெருவிரலின் அடிக்குக் கீழே மணிக்கட்டிலே மெல்லப் பதிக்கவேண்டும். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். கிடைக்காவிட்டால் விரலை இம்மியளவு இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்க்கலாம். கழுத்திலும் பார்க்கலாம், ஆனால் இரு பக்கத்தையும் ஒருங்கே அழுத்துதல் ஒருபோதும் கூடாது.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையின் மணிக்கட்டிலும் கழுத்திலும் கொழுப்பு மிகுதி. நாடி அகப்படுவது கடினம். அதற்கு மேற்கையின் உட்புறமே உரிய இடம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, குழந்தையின் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் பக்கத்திலே இரு விரல்களையும் வைத்தால் துடிப்புத் தெரியும். அதுவும் கைகூடாவிடின் உள்ளங்கையை இடப்பக்க நெஞ்சிலே வைத்து எண்ணலாம். உச்சிக்குழி துடிப்பதைப் பாட்டிமார் காட்டுவதுண்டு. அதுவும் இதே நாடிதான். ஆயினும் அங்கே விரல் வைத்து அழுத்தவேண்டா.

எண்ணத் தொடங்கும் முதல் துடிப்பைப் பூச்சியம் என்றும் அடுத்ததை ஒன்று என்றும் கொள்க. ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுக. பதினைந்து செக்கன் எண்ணி நான்கால் பெருக்குவது வளர்ந்தோர்க்கு ஒத்துவரும். பிள்ளைகளிடத்தில் ஒரு துடிப்புத் தவறினாலும் விடையிலே நான்கு குறைந்துவிடும்.

எல்லாவற்றினும் முக்கியமானது எண்ணும் வேளை. விளையாடி வந்தவுடன், அழுது முடித்தவுடன், குளித்தவுடன், உணவு உண்டவுடன் எண்ணிய எண் ஒன்றுக்கும் உதவாது. வீறிட்டு அழும் குழந்தையின் நாடி 180ஐயும் தொடும். பள்ளிப் பிள்ளையாயின் ஐந்து நிமிடம் சாய்ந்திருக்கச் செய்து பின்னர் எண்ணலாம். சிறு குழந்தைக்கு அப்படி ஓர் அமைதியை விழிப்பிலே எதிர்பார்ப்பது வீண். அது நன்றாக அயர்ந்து உறங்கும் வேளையே பொன்னான வேளை. உறக்கத்திலே நாடி விழிப்பில் உள்ளதனினும் தணிந்திருக்கும். ஆகவே உறக்கத்து எண்ணை உறக்கத்து எண்ணோடும், விழிப்பு எண்ணை விழிப்பு எண்ணோடுமே ஒப்பிடவேண்டும். வெவ்வேறு நாளில் மூன்று முறை எண்ணி, நாள், நேரம், உறக்கமா விழிப்பா என்பவற்றோடு கிளினிக் பதிவேட்டின் ஓரத்திலோ வீட்டுக் கொப்பியிலோ குறித்து வைக்கலாம். வளர வளர எண் இறங்குமாதலால், பிறந்தநாள்தோறும் மீண்டும் ஒருமுறை எண்ணினால் போதுமானது. அடிக்கடி எண்ணிப் பிள்ளையை நோயாளி ஆக்கிவிடலாகாது.

எண்ணும்போது ஒரு விந்தையைக் காண்பீர்கள். பிள்ளை மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்புச் சற்று நெருங்கி விரையும். மூச்சை விடுகையில் இடைவெளி நீளும். இதனை இதய நோய் என்று அஞ்சும் பெற்றோர் பலர். வளரும் பிள்ளைகளிடத்திலே இது மிகச் சாதாரணம்; நலமான இதயத்தின் இயல்பே. மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதே இதற்கு அடையாளம். மூச்சோடு தொடர்பின்றித் துடிப்புகள் தவறினால் வைத்தியரிடம் கூறவேண்டியதே.

காய்ச்சல் இறங்கும்போது

நாம் இவ்வளவும் எழுதப் புகுந்தது இந்தப் பகுதியைச் சொல்வதற்காகவே. உடல் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் நாடி ஏறக்குறைய 10 கூடும் என்பது நினைவில் இருத்தற்கு எளிய கணக்கு. வழக்கமாக 85 உள்ள பிள்ளைக்கு 39 பாகைக் காய்ச்சலிலே 105 வந்தால் அது காய்ச்சலின் கணக்கு. காய்ச்சல் இறங்கினால் நாடியும் இறங்கவேண்டும். (நெருப்புக் காய்ச்சலிலே, பெரும்பாலும் வளர்ந்தவர்களிடத்தில், வெப்பத்துக்கு ஏற்ப நாடி ஏறாதிருப்பதும் உண்டு.)

இப்போது டெங்குக் காய்ச்சலை எண்ணிப் பாருங்கள். 2017ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டிலே 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். அந்நோயிலே அபாயம் காய்ச்சல் கொதிக்கும் நாட்களில் அன்று. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் தணியும் வேளையிலேதான் சில பிள்ளைகளுக்குக் குருதிக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. குருதியின் நீர்ப்பகுதி வெளியே வழிகிறது. குழாய்க்குள்ளே அளவு குறையவே, இதயம் முன்னர்ச் சிசுவிடம் நாம் கண்ட அதே உபாயத்தைக் கையாள்கிறது: ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளுவதற்குக் குறைவாக இருப்பதால், துடிப்புகளைக் கூட்டுகிறது. பிள்ளையின் நெற்றி குளிர்ந்திருக்கும். "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று வீட்டார் ஆறுதல் கொள்வர். வெப்பமானியும் அதற்குச் சாட்சி சொல்லும். நாடி மாத்திரம் 130, 140 என்று மெலிந்து ஓடிக்கொண்டிருக்கும். கையும் காலும் சில்லிட்டிருக்கும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு செக்கனுக்குள் திரும்பவேண்டிய செந்நிறம் திரும்பத் தாமதிக்கும்.

வெப்பம் இறங்க நாடி ஏறுகிறது என்றால் அங்கே ஒரு நிமிடமும் தாமதித்தல் ஆகாது. வயிற்றுநோவு, ஓயாத வாந்தி, முரசிலிருந்தோ மூக்கிலிருந்தோ குருதி கசிதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் அல்லது காரணமின்றிப் பதகளித்தல் ஆகியவற்றுள் எதுவும் உடன் இருப்பின் சொல்லவே வேண்டா. நாடி விரையாத நிலையிலும் இவ்வறிகுறிகள் தோன்றினால் வைத்தியசாலைக்கே கொண்டுசெல்லவேண்டும். எண் நன்றாயிருக்கிறது என்று வீட்டிலே வைத்திருத்தல் தகாது. டெங்கு என்று ஐயமுள்ள காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் ஒன்றே தகும். அஸ்பிரினும் இபுபுரூஃபனும் குருதிக் கசிவை மிகுவிக்கக்கூடியவை.

உறக்கத்து எண் பயன்படும் இன்னொரு நோய் வாதக் காய்ச்சல். ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட வயதிலே, ஒருவகைப் பற்றீரியாவால் தொண்டை நோவு வந்து இரண்டு மூன்று வாரங்களின் பின், முழங்காலில் வீக்கம், அது தணியக் கணுக்காலில் வீக்கம் என்று மூட்டுக்கு மூட்டுத் தாவும் நோய் இது. மூட்டு ஆறிவிடும், இதயத்தின் வால்வு பழுதுற்றால் அது ஆயுள் முழுதும் தொடரும். விழித்திருக்கும்போது அச்சத்தாலும் நோவாலும் நாடி ஏறலாம். உறக்கத்திலே அவை இல்லை. அதனாலேதான் முற்கால வைத்தியர் இந்நோயாளரின் நாடியை இரவிலே உறக்கம் கலையாமல் எண்ணிக் குறிக்கும்படி தாதியரைப் பணித்தனர். உறக்கத்திலும் தணியாத நாடி, இதயமும் நோயிலே பங்குகொண்டதன் அறிகுறி. மாதந்தோறும் பெனிசிலின் ஊசி பெறும் மாணாக்கர் எம் வகுப்புகளிலும் இருந்திருக்கின்றனர். "இப்போது நலம்தானே" என்று அவ்வூசியை இடையிலே நிறுத்துவது பெருந்தவறு.

பிற காரணங்களும் உள. இழைப்புக்கு உறிஞ்சும் சல்பியூற்றமோல் மருந்து நாடியை விரைவாக்கி, கையையும் சிறிது நடுங்கச் செய்யும். குருதிச்சோகை நாடியை நீண்டநாள் உயர்த்தி வைக்கும். சிறு பிள்ளைக்கு மூன்று வேளையும் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதற்கும் இதில் பங்கு உண்டு. வைத்தியரின் மேசைக்கு முன்னே அச்சத்தால் ஏறிய நாடி, வீட்டுக்கு வந்ததும் இறங்குவது நாடறிந்தது.

கல்லூரி வாயிலிலிருந்து

காலைப் பிரார்த்தனையிலே வெறுவயிற்றோடு நெடுநேரம் நின்று மயங்கி விழும் மாணாக்கரை ஆசிரியர் எல்லாரும் அறிவர். அவர்களின் நாடி அப்போது மெதுவாகவும் மெல்லியதாகவும் இருக்கும். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் நிமிடங்களிலே திரும்பிவிடும். ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓட்டத்தின் நடுவிலே, ஒரு பிள்ளை மயங்கி விழுமாயின் அது வேறு செய்தி. எழுந்து சிரித்தாலும் அப்பிள்ளையை இதய வைத்தியரிடம் காட்டாமல் மீண்டும் மைதானத்தில் இறக்கலாகாது. நாள்தோறும் பயிலும் ஓட்டக்காரனின் நாடி அமைதியில் 50 ஆக இருப்பதோ அச்சத்துக்கு உரியதன்று. அவன் இதயம் ஒரு துடிப்பிலே மிகுதியாகத் தள்ளப் பழகிவிட்டது.

கொரோனாக் காலத்திலே வாங்கிய விரற்கவ்விக் கருவிகள் பல வீடுகளில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் வளர்ந்தோர் விரலுக்கு அமைந்தவை. சிறு விரலிலே நழுவும். விரல் குளிர்ந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், பிள்ளை அசைந்தாலும் பொய் சொல்லும். கருவி காட்டும் எண்ணை ஒருமுறை விரலாலும் எண்ணிச் சரிபார்த்தல் நன்று.

இறுதியாக ஒன்று. அமைதியாயிருக்கும் பிள்ளையின் நெஞ்சு திடீரென்று படபடத்து, எண்ணவே இயலாதபடி ஓடுவதுண்டு. கைக்குழந்தைக்கு 220க்கு மேலும், பெரிய பிள்ளைக்கு 180க்கு மேலும், ஏறி இறங்காமல் ஒரே சீராக ஓடினால் அது காய்ச்சலாலோ அழுகையாலோ வந்ததாக இராது. இதயத்தின் மின்னோட்டம் வழிதவறியதாக இருக்கலாம். பேசத் தெரியாத குழந்தை பால் குடிக்க மறுக்கும், வெளிறும், வியர்க்கும், மூச்சு வாங்கும். நோயுற்றுத் துவண்ட பிள்ளையின் நாடி 60க்குக் கீழே இறங்குவதும் அதே அளவு அபாயம். இந்நிலைகளிலே சரியாக எண்ணினோமா என்று இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எண்ணிக்கொண்டிராமல், அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கு விரைக. வாகனம் இல்லையெனில் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். கொப்பியிலே குறித்து வைத்த எண்ணையும் கையோடு எடுத்துச் செல்க. வைத்தியர் அதைக் கேட்பார்.